சாப்பாட்டுக்கு மாத்தாள்

பிள்ளைய என் மடியில போட்டுட்டு நீ போய்ச் சாப்பிட்டு வா தாயி. டிரைவர் இறங்கிட்டாரு பாரு. அவரு இலை போட்டு உக்காந்து, மோரு வாங்கிக் குடிச்சு, வெத்தலயும் போட்டுட்டுத்தான் வருவாரு. கண்டக்டரும் பின்னாடியே போயிட்டாரு. செங்கோட்டையில ஏறுனேன்னு சொன்னியே, காலையில என்னத்தத் தின்னியோ. தூங்குற பிள்ளையத் தூக்கிட்டுப் போனா அது முழிச்சுக்கிட்டு உன்னைச் சாப்பிட விடுமா? போ.

சந்தேகப்படுறியா? படு, படு, தப்பில்ல. முன்னப்பின்ன தெரியாதவ கையில பிள்ளையக் குடுக்கக் கூடாதுதான். நான் ராஜபாளையத்துல ஏறி உன் பக்கத்துல உக்காந்ததும் பையை இழுத்து மடியில வெச்சேல்ல, அதையும் பாத்தேன். அதுக்கெல்லாம் வருத்தப்படுற ஆளு நான் இல்ல. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. அடுத்தவுக சாப்பிட்டு வர்ற வரைக்கும் அவுகளோடதப் பத்திரமாப் பாத்துக்கிடுறதுதான் என் வேலையே. நெசமாத்தான் சொல்றேன். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம். நூல் மில்லுல மாத்தாள் நான். பேரு வேலுத்தாய்.

மாத்தாள்னா தெரியாதா? ஆபீசுல ரிலீவர்னு சொல்வாக. சொல்றேன் கேளு, கேட்டுட்டுப் போ. நேரம் இருக்கு.

எங்க மில்லுல மிஷினு ஒவ்வொண்ணும் நாலு பஸ்ஸ வரிசையா நிப்பாட்டுன நீளம். ரெண்டு பக்கமும் நூல் சுத்திக்கிட்டே இருக்கும். பொம்பளைக நடந்துக்கிட்டே இருக்கணும். எங்க அறுந்தாலும் ஓடிப்போய் எடுத்து ஒட்டணும். ஒட்டாம விட்டா பஞ்சு போய் ரோலர்ல சுத்திக்கிரும். அப்புறம் கத்தி வெச்சுக் கிழிச்சு எடுக்கணும், ஏச்சு வாங்கணும். மிஷினு நிக்காது. எழவு விழுந்தாலும் நிக்காது. ஆயுத பூஜை அன்னைக்குத்தான் நிப்பாட்டித் துடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, மாலை போடுவாக. அதுவும் பாவம், ஒரு நாளாச்சும் ஓயணும்ல.

மிஷினு நிக்காது, ஆனா மனுசி சாப்பிடணும்ல. அதுக்குத்தான் மாத்தாளு. ஒவ்வொருத்தியாப் போய்த் தோளைத் தட்டுவேன். அந்தச் சத்தத்துல பேச்சுக் கேக்காது. தோளைத் தட்டுனா சாப்பாட்டு நேரம்னு அர்த்தம். அவ போவா, அவ மிஷின நான் பாப்பேன். அவ வருவா, நான் அடுத்தவ தோளைத் தட்டுவேன். தட்டுனதும் திரும்புவாளுக பாரு, அப்ப அந்த முகத்தப் பாக்கணுமே. எங்க வீட்டுல கூட என்னை ஒருத்தரும் அப்பிடிப் பாத்ததில்ல. சூப்பர்வைசர் வந்தா தலையக் குனிஞ்சுக்கிடுவாளுக. நான் வந்தா சிரிப்பாளுக. அந்தப் பகுதியில எனக்கு இருந்த மரியாதை மேனேஜருக்குக் கெடையாது, சும்மா சொல்லல.

என் சாப்பாடா? நீயும் அதையே கேக்குறியா? எல்லாரும் இதத்தான் கேக்குறாக. முன்னாடி ரெண்டு மாத்தாளு இருந்தோம். அவ என்னை மாத்துவா, நான் அவளை மாத்துவேன். அவ கல்யாணம் முடிஞ்சு போயிட்டா. ஆளு போடுவாக, போடுவாகன்னு இருந்தோம். போடல. கடைசி ஆளு சாப்பிட்டு வரும்போது முத ஆளுக்கு டீ நேரம் வந்துரும். அப்புறம் அந்தச் சுத்து. அது முடியும்போது ஷிப்டே முடிஞ்சுரும். இதுல யாரு தப்பு? யாரு தப்பும் இல்ல. அப்பிடி அமைஞ்சுபோச்சு, அவ்வளவுதான்.

முதல்ல கொஞ்ச நாளு வயிறு கத்துச்சு. சேலைக்கு மேல போடுற மில்லு கோட்டுப் பையில ரெண்டு பிஸ்கட்டு வெச்சிருப்பேன், உள்ள திங்கக் கூடாது, இருந்தாலும் திரும்பி நின்னு வாயில போட்டுக்கிடுவேன். தண்ணி அதிகம் குடிக்க மாட்டேன், குடிச்சா வெளிய போகணும், போனா யாரு பாக்க? அப்புறம் பசிக்கிறது நின்னுருச்சு. நெசமா நின்னுருச்சு தாயி. நாம கவனிச்சாத்தான் அது கத்தும். இப்ப லீவு நாள்ல சோத்த முன்னாடி வெச்சாலும் ஒண்ணும் தோணாது. எங்க வீட்டுக்காரரு இருந்த காலத்துல ருசியாச் சமைப்பேன். இப்ப உப்புப் போட்டோமா இல்லையான்னு கூடத் தெரிய மாட்டேங்குது. வயசாகுதுல்ல.

ஒருதடவ மிஷின் சந்துலயே மயங்கி உக்காந்துட்டேன். சூப்பர்வைசர் ராஜாமணி ஓடிவந்து அவரே சோடா வாங்கிக் குடுத்தாரு. தங்கமான மனுசன். "என்னக்கா, செவ்வாய்க்கிழம விரதமா?"ன்னு கேட்டாரு. ஆமாங்கன்னுட்டேன். அதுல இருந்து செவ்வாய்க்கிழமயானா, "அக்காவுக்கு இன்னைக்கு விரதம், தொந்தரவு பண்ணாதீக"ன்னு எல்லார்கிட்டயும் சொல்வாரு. அவ்வளவு அக்கறை.

ஆயுத பூஜைக்கு எனக்குப் பரிசு குடுத்தாக. நல்ல உழைப்பாளின்னு மைக்குல பேரு வாசிச்சு, முதலாளி வீட்டு அம்மா கையாலேயே குடுத்தாக. என்ன பரிசுங்குற? டிபன் கேரியர். மூணு அடுக்கு, கனமான எவர்சில்வரு. இந்தா, இந்தப் பையில இருக்கு பாரு, இதுதான். அன்னைக்கு மில்லுல போட்ட புளியோதரைய இதுல வாங்கித் தின்னேன். அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல. இன்னைக்குத்தான், பிரயாணமாச்சேன்னு எடுத்துக் கழுவுனேன்.

பிள்ளைக்கு வெயிலு அடிக்குது. அந்தத் துணிய ஜன்னல்ல போடு. ஆங், அப்பிடித்தான்.

எங்க விட்டேன்? பிரகாசி. அவளச் சொல்லாம இந்தக் கதையே இல்ல. புதுசா வந்தவ. விளாத்திகுளம் பக்கம், சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொண்ணு. புருசன் விட்டுட்டுப் போயிட்டான், ரெண்டு பொம்பளப் பிள்ளைக. வேலையில கெட்டி. ஆனா கண்ணு சும்மா இருக்காது, எதையாச்சும் வாசிக்கும். டைம் ஆபீஸ் பக்கத்துல கண்ணாடி போட்ட போர்டு ஒண்ணு உண்டு. நாங்க எல்லாம் அதுல முகம் பாத்துத்தான் பொட்டுச் சரி பண்ணித் தொப்பி மாட்டுவோம். அத்தன வருசமா அப்பிடித்தான். இவ ஒருத்திதான் கண்ணாடிக்கு உள்ள என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சவ. "அக்கா, அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஒரே மூச்சா வேலை வாங்கக் கூடாதாம், அரை மணி நேரம் ஓய்வு குடுத்தே ஆகணுமாம், சட்டமாம்"னா. "ஆமா, அதத்தான நான் எல்லாருக்கும் குடுக்குறேன்"னேன். "உங்களுக்கு?"ன்னா. "தள்ளுடி, பொட்டு கோணலா இருக்கு"ன்னுட்டு வந்துட்டேன்.

ஒரு நா வேலை பாத்துக்கிட்டு நிக்கேன், பின்னாடி இருந்து யாரோ தோளைத் தட்டுறாக. அந்த இன்னொரு மாத்தாளு போனதுல இருந்து என் தோளை யாரும் தட்டுனதே இல்லையே. திரும்பிப் பாத்தா பிரகாசி. பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சு வந்திருக்கா. கையில ஈரம் கூடக் காயல. போங்கன்னு சைகை காட்டுறா, நான் பாத்துக்கிடுறேன்னு. போடின்னேன். விட மாட்டேன்னுட்டா. பிடிச்சுத் தள்ளிவிட்டா.

போனேன். கேண்டீன்ல போய் உக்காந்தேன். வாங்கி முன்னாடி வெச்சாச்சு. எனக்கு என்ன செய்யன்னு தெரியல. கை ரெண்டும் மேசை மேல அதுபாட்டுக்கு நூலு ஒட்டுற மாதிரி ஆடிக்கிட்டு இருக்கு. ரெண்டு வாய் போட்டேன், இறங்கல. எந்திரிச்சு வந்துட்டேன். அவ மறுநாளும் தட்டுனா. அதுக்கு மறுநாளும். தட்டுறது நல்லாத்தான் இருந்துச்சு, ஏன் பொய் சொல்ல. ஆனா உள்ள ஒரு பயம். நம்ம வேலைய இன்னொருத்தி பாத்தா அப்புறம் நாம எதுக்கு?

பயந்தது சரியாப்போச்சு. ஒரு நா அவ நிக்கும்போது ஒரே நேரத்துல நாலஞ்சு இடத்துல அறுந்து ரோலர்ல பஞ்சு சுத்திக்கிருச்சு. ராஜாமணி வந்துட்டாரு. "சாப்பாட்டு நேரத்துல நீ ஏன் மிஷினத் தொட்ட?"ன்னு சத்தம் போட்டாரு. அவ வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கலாம்ல. "எங்களுக்கு அக்கா மாத்து. அக்காவுக்கு யாரு சார் மாத்து?"ன்னு கேட்டா. அவரு சிரிச்சுட்டாரு. "வேலுத்தாய் அக்காவுக்குப் பசியே கிடையாதும்மா, அது சாமி"ன்னாரு. பக்கத்துல நின்னவளுக எல்லாம் சிரிச்சாளுக. நானும் சிரிச்சேன். நல்ல மாதிரியாத்தான சொல்றாருன்னு சிரிச்சேன். பிரகாசி மட்டும் சிரிக்கல.

அதோட விட்டாளா? தொழிலாளர் ஆபீசுக்கு எழுதிப்போட்டுட்டா. சாப்பாட்டு நேரம் குடுக்கலன்னு எழுதியிருக்கா. யாருக்குக் குடுக்கலன்னு? அவளுக்கு இல்ல. எனக்கு! வேலுத்தாய்க்குன்னு என் பேரப் போட்டு எழுதியிருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா? இதுதான் தாயி என் வருத்தம். வேற ஒண்ணும் இல்ல. நான் யாருகிட்டயாச்சும் போய்ப் பசிக்குதுன்னு சொன்னேனா? ஊரு பூராவும் என் வயித்தப் பத்திப் பேச வெச்சுட்டாளே.

ஒரு அதிகாரி வந்தாரு. கண்ணாடி போட்ட, அமைதியான மனுசன். ஒவ்வொருத்தரா ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு விசாரிச்சாரு. என்னைக் கூப்பிடும்போது மத்தியானம் நல்லாத் திரும்பியிருச்சு. காலையில இருந்து நின்ன காலு. அந்த ரூமுல ஏசி, மிஷின் சத்தமே இல்ல. சத்தம் இல்லாத இடத்துல எனக்குக் காது அடைக்கும். மேனேஜரு அந்தப் பக்கம், ராஜாமணி இந்தப் பக்கம். "உக்காருங்கம்மா"ன்னாரு. பரவால்ல சார்னு நின்னேன். அவரு நிமிந்து என் முகத்தப் பாத்து, முத வார்த்தையா, "சாப்பிட்டீங்களாம்மா?"ன்னு கேட்டாரு.

ஆச்சு சார்னேன்.

நீயே சொல்லு. வெயில்ல அவ்வளவு தூரம் வந்த மனுசன், சாப்பிட்டீங்களான்னு மரியாதையாக் கேக்காரு. இல்லைன்னு எவளாச்சும் சொல்வாளா? சொன்னா நாம சோறு கேட்ட மாதிரி ஆயிராதா? எங்க வீட்டுல உலையே வைக்காத நாளு எத்தனையோ உண்டு. அன்னைக்கும் தெருவுல யாரு கேட்டாலும் ஆச்சுன்னுதான் சொல்லணும்னு எங்கம்மா சொல்லிக் குடுத்திருக்கா. மாத்திச் சொன்னா சூடு போட்டுருவா. சாப்பிட்டியான்னு கேட்டா ஆச்சு. இதுல யோசிக்க என்ன இருக்கு? வாய் அதுபாட்டுக்குச் சொல்லிரும்.

அவரு எழுதிக்கிட்டாரு. "நேரத்துக்குச் சாப்பாடு விடுறாங்களா?"ன்னு கேட்டாரு. "எல்லாருக்கும் நேரத்துக்கு உண்டு சார், நானே அனுப்பி வைப்பேன்"னேன். அது பொய்யா? பொய் இல்ல. "உங்களுக்கும் சேத்துத்தானே?"ன்னாரு. ராஜாமணி இருமுனாரு. "எனக்கு ஒரு குறையும் இல்ல சார்"னேன். அவரு பேனாவ மூடிட்டு என்னைப் பாத்தாரு. வாசல்ல அடுத்த ஆளா பிரகாசி நின்னுக்கிட்டு இருந்தா. அவளும் பாத்தா. திட்டுற பார்வை இல்ல. எப்பிடிச் சொல்ல, ஆஸ்பத்திரியில படுத்துக் கிடக்குறவுகள எட்டி நின்னு பாப்பாகள்ல, அப்பிடி ஒரு பார்வை. நான் அவளத் தாண்டிப் போய் மிஷின் பக்கம் நின்னுக்கிட்டேன்.

அப்புறம் என்ன. பொய்ப் புகாரு குடுத்து மில்லு பேரைக் கெடுத்தான்னு அவள வெளிய அனுப்பிட்டாக. தொப்பியையும் கோட்டையும் கழட்டி வாங்கிட்டாக. எனக்கு வருத்தமா இருந்துச்சான்னு கேக்குறியா? இருந்திருக்கணும். ஒண்ணும் தோணல. அன்னைக்கும் ஒவ்வொருத்தி தோளாத் தட்டிக்கிட்டே வந்தேன். அவ மிஷினுல வேற ஒருத்தி நின்னா. அவ தோளையும் தட்டுனேன். திரும்புனா, சிரிக்கல. இப்பல்லாம் யாருமே சிரிக்க மாட்டேங்காளுக. என்கிட்ட என்ன கோவமோ.

சுத்துப்பட்டு மில்லு எதுலயும் பிரகாசிய எடுக்க மாட்டேங்காக. பேரு சொன்னாலே கேட்டை மூடிருறாக. வெங்காயக் கமிஷன் கடையில தோல் உரிக்கப் போறாளாம். மூத்த பிள்ளைய படிப்ப நிப்பாட்டிக் கூடக் கூட்டிட்டுப் போறாளாம். ஆனா அவ விடல, லேபர் கோர்ட்டுல கேசு போட்டுட்டா. வேலையத் திருப்பிக் குடுன்னு கேசு. அதுக்குத்தான் நான் இப்ப மதுரைக்குப் போறேன். நாளைக்குக் காலையில கோர்ட்டு. மில்லு சார்பா நான்தான் சாட்சி. இன்னைக்கு நாத்தனா வீட்டுல தங்குறேன். ராஜாமணி கார்ல வந்து கூட்டிட்டுப் போவாரு. "அக்கா, நீங்க ஒண்ணுக்கும் பயப்படாதீக. அன்னைக்குச் சொன்னீகள்ல, ஆச்சுன்னு, அதையே சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை வேண்டாம். உங்க வாக்குலதான் கேசே நிக்குது"ன்னாரு.

முந்தாநாளு பிரகாசி வீட்டுக்கு வந்தா. வந்தவ திண்டாடுனா, எங்க உக்காரன்னு. கைபூரா வெங்காய வாடை. நான்தான் முதல்ல ஆரம்பிச்சேன். "ஏன்டி என் பேர எழுதுன? உன் பேர எழுதியிருக்கலாம்ல?"ன்னேன். "எனக்கு என்ன குறை இருந்துச்சு எழுத? எனக்குத்தான் தெனமும் நேரத்துக்குச் சோறு திங்க நீங்க இருந்தீகளேக்கா"ன்னா.

"கோர்ட்டுல ஜட்ஜ் ஐயா, சாப்பிட்டீங்களான்னு கேக்க மாட்டாரு. எப்பச் சாப்பிடுவீக, அந்நேரம் உங்க இடத்துல யாரு நிப்பான்னு கேப்பாரு. உள்ளதச் சொல்லுங்க. எனக்காக வேண்டாம்"னா. ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. எந்திரிச்சுப் போகும்போது வாசப்படியில நின்னு திரும்பி, "சாப்பிட்டீகளாக்கா?"ன்னா. ஆச்சுன்னேன். அவ எட்டி என் அடுப்பப் பாத்தா. அன்னைக்கு நான் பத்த வைக்கவே இல்ல. சிரிச்சா பாரு ஒரு சிரிப்பு. சிரிக்கிறாளா அழுகிறாளான்னே தெரியல, முந்தானைய வாயில வெச்சுக்கிட்டுத் தெருவுல இறங்கிப் போயிட்டா. அவ என்னத்தக் கண்டு அப்பிடிப் பண்ணுனான்னு எனக்கு இன்னும் விளங்கல.

பஸ்ஸுல ஏறுனதுல இருந்து நினைச்சுப் பாக்குறேன். அந்நேரம் உங்க இடத்துல யாரு நிப்பான்னு கேட்டா என்ன சொல்ல? ஒருத்தரும் இல்லைன்னு சொல்லணும். அது ஒண்ணும் பெரிய வார்த்தை இல்ல. ஒருத்தரும் இல்ல. இப்ப உன்கிட்டச் சொல்லிட்டேன்ல? அங்க போய் நின்னா வருமான்னு தெரியல.

அடி ஆத்தி, விசில் அடிக்கிறாரே! டிரைவர் ஏறிட்டாரு பாரு, வெத்தலயும் போட்டாச்சு. நீ சாப்பிடவே போகலையே தாயி! பேசிப் பேசி உன் சாப்பாட்டு நேரம் பூராவும் நானே தின்னுட்டேனே. சொல்லக் கூடாதா ஒருத்தி? பசிக்குதுன்னு வாயத் திறந்து சொன்னாத்தான தெரியும் அடுத்தவுகளுக்கு?

இரு, இரு. வண்டி கிளம்பட்டும், அதனால என்ன. இந்தக் கேரியர்ல எலுமிச்சஞ் சாதம் இருக்கு. அடி அடுக்குல துவையலு. நீ ஒரு ஆளு சாப்பிட அளவா இருக்கும். பிள்ளைய இப்பிடிக் குடு. தூங்கட்டும், தலை ஆடாமப் பிடிச்சுக்கிடுறேன். நல்ல கனமாத்தான் இருக்கான். மூடிய மெதுவாத் திற, கொஞ்சம் இறுக்கம். திறந்து பழக்கம் இல்லாத கேரியர்.

என்ன, தோளைத் தட்டுற? பிள்ளை அழுகுறானா? இல்லையே, தூங்குறானே. என்ன கேட்ட? சத்தத்துல கேக்கல.

நானா? எனக்கு ஆச்சு தாயி. அப்பவே ஆச்சு. நீ சாப்பிடு.

ஏன் அப்பிடிப் பாக்குற? அன்னைக்கு ஆபீஸ் ரூம் வாசல்ல நின்னு பிரகாசியும் இப்பிடித்தான் பாத்தா.